எண்ணெய் போடாத தையல் மிஷின்

அன்புள்ள பிலோவுக்கு,

இது உன் பெயர் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் மாற்றினேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறது. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. நீ இருந்திருந்தால் "இதையெல்லாமாடி எழுதுவாங்க?" என்று கேட்டிருப்பாய். கேட்க நீ இல்லாததால் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் லிப்ட் வைத்துவிட்டார்கள். கரண்ட் போகும் நேரம் பார்த்து யாராவது அதில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் நோயாளிகளைப் படியில் ஏற்றுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் லிப்டில் போகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரை மூடிவிட்டார்கள். நான் மூன்று வருடம் மாலைதோறும் உட்கார்ந்திருந்த ஏழாம் நம்பர் கேபின் இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிறார்கள். போன வாரம் நானும் அங்கே போய்ச் செய்துகொண்டேன். கை நடுங்கவில்லை. இதை யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் அலுவலக வேலை. காலையில் பூசை, மாலையில் கேபின். அங்கே முதலில் முகம் தெரியாதவர்களோடு பேச்சு, பிறகு படங்கள், பிறகு பேசியவர்களில் ஒருவர் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார். திரும்பி வரும் பஸ்ஸில் இனி இல்லை என்று சத்தியம் செய்வேன். அந்தச் சத்தியம் நான்கு நாள் தாங்கும். சந்தோஷத்துக்காகப் போனேன் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடைசி இரண்டு வருடத்தில் எனக்கு அதில் சந்தோஷம் இருந்ததாக ஞாபகம் இல்லை. பல்வலிக்காரர் வலிக்கிற பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல் போய்க்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரே சாமியாரிடம் போனால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று வாரம் ஒரு கோயில். திண்டுக்கல்லில் கோயில்களுக்குக் குறைவில்லை. இருந்தும் ஒரு கட்டத்தில் எனக்குப் போதவில்லை. ஒருவர், "இது ஆம்பளைங்க செய்யிற பாவமாச்சேம்மா" என்றார். யாருக்காகவோ நான் வரிசையில் நிற்கிறேன் என்று நினைத்திருக்கலாம். இன்னொருவர் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார். மூன்றாமவர் பரிகாரமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூவரும் நல்லவர்கள். பத்தையும் ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினேன்.

அப்படித்தான் தாடிக்கொம்பைத் தாண்டி ஒரு சிற்றூர்க் கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அங்கே இருந்த வயதான சாமியாருக்குக் காது மந்தம். என் மாதிரி ஆட்களுக்கு இதைவிட வசதி கிடையாது என்று நினைத்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. காது கேளாதவர்கள் சத்தமாகப் பேசுவார்கள்.

எனக்கு முன்னால், சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரத்தொட்டியில் முழங்கால் போட்டிருந்தது நீ. நீ சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் கேட்டது.

"என்னது?"

"யாரு கூட?"

"எத்தனை தடவை?"

"எத்தனை பேருங்கிற? சத்தமாச் சொல்லும்மா, காதுல விழல."

எனக்குப் பின்னால் வரிசையில் நான்கு பெண்கள். நால்வரும் ஒரே நேரத்தில் ஜெபமாலையை எடுத்தார்கள். உதடு அசைந்தது; மணி நகரவில்லை. நீ எழுந்து முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போனாய். அடுத்து என் முறை. நான் தொட்டிக்குப் போகாமல் உன் பின்னால் வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நம் இருவரையும் ஒரு ஆட்டையும் தவிர யாரும் இல்லை.

"நீங்க திண்டுக்கல்லா?" என்றேன்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"நானும் திண்டுக்கல்லுதான்."

"அங்க இல்லாத கோயிலா? இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீங்க?"

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாய். நர்சுகள் புது நோயாளியைப் பார்க்கிற பார்வை. பிறகு அந்தச் சாமியாரின் குரலிலேயே, "எத்தனை தடவை?" என்றாய்.

சிரித்தோம். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு நீ அழுதாய், பிறகு நான். அதற்குள் பஸ் வந்து போய்விட்டது. "அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும்" என்றாய். மூன்று வருடத்தில் நான் உண்மை மட்டும் பேசிய முதல் ஒரு மணி நேரம் அது.

"இது சாமியார் மட்டும் தீக்கிற விசயம் இல்ல" என்று நீ அன்றைக்கே சொல்லிவிட்டாய். "வார்டுல குடிகாரங்களப் பாக்குறேன்ல. அதே நடுக்கம், அதே சத்தியம், அதே பொய்யி. ஷிப்ட் முடிஞ்சா எனக்கும் காலு தானாப் போகுது. பாவம்னு தெரியாமலா போறேன்?"

குடிகாரர்களுக்குக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த சிஸ்டர் ரோஸ்லினிடம் இருவரும் போனோம். நாம் சொன்னதைக் கேட்டு அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுவே பாதி வைத்தியமாக இருந்தது. "குடிக்கிறவன் இன்னைக்கு ஒரு நாளுன்னு சொல்லித்தான் நிறுத்துறான். நீங்களும் சொல்லுங்க. தனியாச் சொல்லாதீங்க, சேந்து சொல்லுங்க" என்றார். கோயிலுக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு அறை சும்மா கிடந்தது. சாவியைக் கொடுத்தார். பதிவேட்டில் எழுத ஒரு பெயர் வேண்டும் என்றார். அறை மூலையில் யாரோ கொடுத்த பழைய தையல் மிஷின் ஒன்று இருந்தது. நீ அதைப் பார்த்துக்கொண்டே, "தையல் வகுப்புன்னு எழுதிக்கோங்க சிஸ்டர்" என்றாய்.

"பொய் எழுத மாட்டேன்" என்றார். 'பெண்கள் வகுப்பு, சனி மாலை நான்கு மணி' என்று எழுதினார். அடுத்த வருடம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தையலை ஊரே சேர்த்துக்கொண்டது. அதற்குக் காரணம் நீ.

கதவு மெல்லிசு. வெளியே சைக்கிள் எடுக்க வருகிறவர்கள் நின்று பேசுவார்கள். அதனால் நீ ஒரு முறையை ஏற்படுத்தினாய். ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி மிஷினை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். துணி கிடையாது, நூல் கிடையாது. ஊசியையும் கழற்றிவிட்டோம். வெறும் சத்தம். மிதிக்கிறவள் அன்றைக்குப் பேச வேண்டியதில்லை. பேச முடியாத அளவுக்கு வெட்கப்பட்டவர்கள் முதல் இரண்டு வாரம் மிதித்தே கழித்தார்கள். நான் ஒருமுறை மிஷினுக்கு எண்ணெய் வாங்கி வந்தேன். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாய். "லூசாடி நீ? சத்தம் போச்சுன்னா நம்ம மானம் போச்சு."

இரண்டு பேர் ஆறு பேரானோம். எல்லோரும் இருபதுகளில் இருந்தவர்கள். ஒருத்தி பஞ்சாலையில் வேலை பார்த்தாள், ஒருத்திக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி பைபிளில் ஒரு வாசகம் படிப்போம். பாவியான பெண்கள் வருகிற வாசகங்களுக்கு நீ தடை போட்டுவிட்டாய். "அதத்தான் எல்லாரும் நமக்குப் படிச்சுக் காட்டுறாங்களே" என்பாய். நோயாளிகள் குணமாகும் வாசகங்கள் மட்டும்தான். அவர்களிடம் யாரும் எத்தனை தடவை என்று கேட்பதில்லை. நம் அறையிலும் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. ஒவ்வொருத்தியும் அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்வாள். மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது. அவளுக்காக ஜெபிக்கலாம், அதுவும் சுருக்கமாக. கடைசியில் சேர்ந்து சொல்வோம், "ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள்."

ஆபத்து வந்தால் ஒரு ரூபாய் போனிலிருந்து உன் வார்டுக்குக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் யார் நின்றாலும் பரவாயில்லாமல் ஒரு வாக்கியம் வைத்திருந்தோம். நூல் சிக்கிருச்சு என்றால் மனம் அலைகிறது. நூல் அறுந்துருச்சு என்றால் போய்விட்டேன். உன் வார்டில் மற்ற நர்சுகள் உன்னைப் பெரிய தையல்காரி என்று நம்பினார்கள். டாக்டரம்மா ஒருவர் ப்ளவுஸ் துணி கொண்டு வந்து கொடுத்ததும், அதை நீ மூன்று மாதம் பையிலேயே வைத்திருந்து திருப்பிக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறதா?

ஒன்றே முக்கால் வருடம் ஒழுங்காக இருந்த பிறகு, ஒரு மத்தியானம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன்.

"நூல் அறுந்துருச்சு."

"எங்க நிக்கிற?"

சொன்னேன்.

"அங்கயே நில்லு. வாரேன்."

யூனிபார்மோடு வந்து இறங்கினாய். சுற்றிலும் கொடைக்கானல் போகிறவர்கள் ஸ்வெட்டர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்டியா?"

"இல்ல."

"வா."

புரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். நீ சால்னாவில் உப்பு கூடுதல் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாய். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"ஏண்டி ஒண்ணும் கேக்க மாட்டேங்குற?"

"கேட்டா நீ சொல்லுவ. நீ சொன்னா நான் நெனச்சுப் பாப்பேன். எனக்கும் ஆகாது. சனிக்கிழமை மிஷின் சத்தத்துல சொல்லு. இப்ப அந்தப் புரோட்டாவத் தின்னு."

எனக்கு யாரும் அவ்வளவு நேர்மையாக ஆறுதல் சொன்னதில்லை. அதற்குப் பிறகு இன்று வரை நூல் அறுந்ததில்லை. சிக்கியிருக்கிறது, பல முறை.

இனி நம் தவறுக்கு வருகிறேன். மாதர் சங்கத் தலைவி எலிசபெத் டீச்சர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், சனிக்கிழமைதோறும் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இவ்வளவு தைக்கிறவர்கள் கோயிலுக்கு ஒன்றும் தைக்கவில்லையே என்று அவருக்குத் தோன்றியது நியாயம்தான். திருவிழாச் சப்பரத்தில் வைக்கும் மாதா சுரூபத்துக்கு மேலாடை தைத்துத் தரும்படி நீல வெல்வெட்டும் ஜரிகையும் கொண்டு வந்து கொடுத்தார். நீ மறுப்பாய் என்று நினைத்தேன். "செஞ்சிரலாம் டீச்சர்" என்றாய்.

பேகம்பூரில் யூசுப் பாயின் தையல் கடைக்குத் துணியைக் கொண்டுபோனோம்.

"அளவுத் துணி கொண்டாந்தீங்களாம்மா?"

"இல்ல பாய்."

"அப்ப ஆள வரச் சொல்லுங்க."

"அவங்க நிக்கிற இடத்த விட்டு நகர மாட்டாங்க பாய்" என்றாய். "மாதாவுக்கு."

பாய் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "மர்யம் அம்மாவுக்கா?" என்றார். கடையைச் சாத்திவிட்டு நம்முடன் நடந்து வந்தார். கோயிலில் யாரும் இல்லாத மத்தியானத்தில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சுரூபத்தைத் தொடாமல் நூலால் அளவெடுத்தார். "முப்பது வருசத் தொழில்ல ஆடாம நின்னு அளவு குடுத்த ஒரே ஆளு இவங்கதான்" என்றார்.

மேலாடை மிகவும் நன்றாக வந்துவிட்டது. அதுதான் தவறு. சப்பரம் வந்தபோது எலிசபெத் டீச்சர் கண் கலங்கி, உன் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். நீ கையை உருவிக்கொள்ளவில்லை. அன்று மாலை என்னிடம், "என்னிக்காச்சும் இதுக்கு அடி வாங்குவோம்டி" என்றாய். நீ தப்பித்துக்கொண்டாய். நான் வாங்கினேன்.

நீ போனதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அத்தனை பேருக்குக் கண்ணை விரித்துப் பார்த்து மஞ்சள் காமாலை என்று சொன்னவள், உன் கண் மஞ்சளாக இருப்பதை நாங்கள் சொல்லித்தான் பார்த்தாய். பதினோரு நாள். பன்னிரண்டாவது நாள் நாங்கள் ஐந்து பேர்.

முப்பதாம் நாள் பூசையில் புதுப் பங்குத்தந்தை உன்னைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் கற்றுக்கொடுத்தவள் என்றார். ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். துக்கம் என்று நினைத்திருப்பார்கள். அதற்கடுத்த வாரம் பங்குப் பேரவை கூடி, உன் பெயரில் ஒரு தையல் பயிற்சி மையம் அமைப்பது என்று முடிவு செய்தது. கடைவீதிக்காரர் ஒருவர் எட்டு மோட்டார் மிஷின்கள் தந்தார். சத்தமே வராது என்று பெருமையாகச் சொன்னார். இடம் நம் அறை. ஆசிரியை நான்.

நான் என்ன செய்தேன் என்று கேள். சரி என்றேன். உண்மையைச் சொன்னால் உன் பெயர் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பெயரைப் பற்றியும் அதில் கொஞ்சம் கவலை இருந்தது. மற்ற நால்வரிடம் கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம் என்று சொல்லிவிட்டு, யூசுப் பாயிடம் போனேன். பத்து நாளில் தையல் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"பத்து நாள்ல பட்டன் தைக்கலாம்மா" என்றார்.

அறைக்கு வெள்ளையடிக்கும்போது நானும் எலிசபெத் டீச்சரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பாய் கொடுத்த பழைய துணியில் நான் தைத்துப் பார்த்த இரண்டு பட்டன்கள் என் பையில் இருந்தன. அப்போது ஒரு பெண் வந்தாள். இருபத்தொரு வயது இருக்கும். கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம்.

"ஏனுங்க்கா, தையல் வகுப்பு இங்கதானுங்களா?"

"அடுத்த மாசம்தாம்மா ஆரம்பிக்கிறோம்" என்றார் டீச்சர். "மிஷின் மிதிச்சுப் பழக்கம் உண்டா?"

"இல்லீங்க. பிலோக்கா வரச் சொன்னாங்க." ஒரு சீட்டை நீட்டினாள். உன் கையெழுத்து. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், 'சனி நாலு மணி. தையல் வகுப்பு. பயப்படாம வா.'

"அவங்க தவறிட்டாங்களேம்மா" என்றார் டீச்சர்.

அவள் சீட்டை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். கொய்யாப்பழப் பையை என்ன செய்வது என்று தெரியாமல் டீச்சரிடமே கொடுத்தாள். "சரிங்க, நான் போறனுங்க" என்று திரும்பினாள். கேட்டைத் தாண்டும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஓடினேன்.

"எந்த ஊருக்குப் போகணும்?"

"ஆயக்குடிங்க. பழனி பஸ்ஸுல போவனுங்க."

"அடுத்த பஸ்ஸு வர்ற வரைக்கும் செத்த நேரம் பேசலாமா?"

அவள் மாத்திரைகளை விழுங்கிவிட்டு உன் வார்டில் மூன்று நாள் கிடந்தவள். ஏன் விழுங்கினாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். தொடர்ந்து மூன்று பழனி பஸ்களை விட்டோம். நான் என்னைப் பற்றிச் சொன்னதும் அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒருத்திதான் இப்படின்னு நெனச்சனுங்க்கா. அதனாலதானுங்க அந்த மாத்திரை" என்றாள்.

சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் வருவதற்கு அறை இல்லை என்பது ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் அறையில் பேரவை கூடியது. எலிசபெத் டீச்சர், மிஷின்கள் கொடுத்த கடைக்காரர், உன் அம்மா. உன் அம்மாவைக் கௌரவ விருந்தினராக அழைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. பார்த்தபோது திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது.

"எனக்குத் தைக்கத் தெரியாது ஃபாதர்."

"தன்னடக்கம் நல்லதுதாம்மா."

"தன்னடக்கம் இல்ல ஃபாதர். ஊசில நூல் கோக்கவே ரெண்டு நாளாச்சு. அந்த ரூம்ல தையலே நடக்கல."

"வாரா வாரம் மிஷின் ஓடுச்சே?" என்றார் டீச்சர்.

"சும்மாதான் டீச்சர் ஓடுச்சு. உள்ள பேசுறது வெளிய கேக்கக் கூடாதுன்னு."

பிறகு சொன்னேன். குடிக்கு அடிமையாவதுபோல் நான் எதற்கு அடிமையாக இருந்தேன், எத்தனை வருடம், எப்படி வெளியே வந்தேன், என்னைப் போன்றவர்கள் அந்த அறையில் என்ன செய்கிறோம். என் பெயரை மட்டும் சொன்னேன். ஃபாதர் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அடிக்காத செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

முதலில் வாய் திறந்தது எலிசபெத் டீச்சர்தான். "அப்ப மாதா மேலாடைய யாரு தச்சது?"

"பேகம்பூர் யூசுப் பாய்."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நின்றுகொண்டேதான் கேட்டார்.

உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிலோ அங்க என்ன பண்ணா?" என்று கேட்டார்.

"மிஷின் மிதிச்சாம்மா."

"அவளுக்குப் பட்டன் தைக்கத் தெரியாது. யூனிபார்ம் கிழிஞ்சா நான்தான் தச்சுக் குடுப்பேன்."

"மிதிக்கத் தெரியும்மா."



ஃபாதர் யோசிக்க மூன்று நாள் கேட்டார். அந்த மூன்று நாளில் அவர் மெலிந்ததுபோல் எனக்குத் தோன்றியது. இப்போது எட்டு மோட்டார் மிஷின்களும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஓடுகின்றன, சத்தமில்லாமல். உன் படமும் பெயரும் அங்கே வாசலில் இருக்கின்றன. வாழ்நாளில் ஒரு பட்டன் தைக்காமல் ஒரு தையல் மையத்துக்குப் பெயராகிவிட்டாய். நம் அறை நமக்கே. பதிவேட்டில் பழையபடி 'பெண்கள் வகுப்பு'. பொய் எழுத மாட்டேன் என்று ஃபாதரும் சொன்னார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஒட்டன்சத்திரம் பக்கம் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். கிறிஸ்தவர்கள், ஜாதகம் பார்ப்பதில்லை, ஊரில் விசாரித்தார்கள். பள்ளி நிர்வாகம் வேலையை விட்டு அனுப்ப என்னை இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடும் என்று தினமும் மேஜையைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். பூசையில் என் பெஞ்சில் எப்போதும் தாராளமாக இடம் இருக்கிறது. செய்தது சரியா? உன்னிடம்தான் கேட்க முடியும், நீ பதில் சொல்வதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆயக்குடிப் பெண் வந்தாள். முதல் இரண்டு வாரம் மிதித்தாள். மூன்றாவது வாரம் நான் மிதித்தேன், அவள் பேசினாள். அவள் என்ன சொன்னாள் என்று உனக்குக்கூட எழுத மாட்டேன்.

கல்லறைத் திருநாளன்று உன் அம்மாவுடன் உன் கல்லறையைக் கழுவினேன். மெழுகுவர்த்தி காற்றுக்கு நிற்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ரெஜினா, அவ மிதிச்சது மட்டும்தானா, பேசவும் செஞ்சாளா?"

சாய்ந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தேன்.

"பேசியிருந்தா நல்லதுதான்" என்றார். "எங்கிட்டப் பேசல. நான் கேக்குற மாதிரியும் இருந்திருக்க மாட்டேன். யார்கிட்டயாச்சும் பேசியிருக்கணும்ல." அணைந்த திரியை மறுபடி ஏற்றிவிட்டு, "அவ சீட்டு குடுத்து வரச் சொன்ன பிள்ளயப் பத்தி டீச்சர் சொன்னாங்க. அந்த மாதிரி எத்தன இருக்கோ. நீ எழுதுவியே, எழுது. பேர மட்டும் மாத்திரு" என்றார்.

மாற்றிவிட்டேன். ஊரில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அது உன் அம்மாவுக்கும் தெரியும்.

கடைசியாக ஒன்று. போன சனிக்கிழமை நான்கு மணிக்கு அறைக்குப் போனபோது வாசலில் ஒரு பொட்டலம் இருந்தது. எலிசபெத் டீச்சர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரித்துப் பார்த்தேன். ஒரு டப்பா மிஷின் எண்ணெய். கூடவே கணக்கு டீச்சர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: 'சைக்கிள் ஸ்டாண்ட் வரை சத்தம் கேட்கிறது. பேச்சு கேட்கவில்லை. நின்று பார்த்துவிட்டேன்.' எண்ணெயை ஊற்றச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

டப்பாவை ஜன்னலில் வைத்திருக்கிறேன், மூடி திறக்காமல். நான் இருக்கும் வரை சனிக்கிழமை நான்கு மணிக்கு அந்தக் கதவு திறந்திருக்கும். யாரிடமும் எத்தனை தடவை என்று கேட்க மாட்டேன். மிஷினுக்கு எண்ணெய் போட மாட்டேன்.

இன்னைக்கு ஒரு நாள்,
உன் கூடப் பிறக்காத அக்கா, உன்னைவிட நான்கு மாதம் மட்டும் மூத்தவள்,
ரெஜினா